பங்காருபேட்டை ஜலமும் எஸ்பிரஸோ காபியும்

நம் அங்கத்தினர் பலருடைய அகங்களில் சமீப காலமாகச் சமையல் மேடைமீது ஒரு புது விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ மாப்பிள்ளையோ வாங்கிக் கொடுத்த எஸ்பிரஸோ யந்திரம்தான் அது. முதல் வாரம் அதற்கு ராஜோபசாரம். இரண்டாவது மாதம் அதன்மேல் ஒரு பழைய துண்டு போர்த்தப்படுகிறது. பரணுக்குப் போன பித்தளை பில்டர் மறுபடி கீழே இறங்குகிறது. "என்ன இருந்தாலும் நம்ம காபி மாதிரி வராது" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது.

தீர்ப்பு சொல்வதற்கு முன் விசாரணை வேண்டாமா? பொடியைக் குறை சொல்கிறோம், யந்திரத்தைக் குறை சொல்கிறோம், பால்காரனையும் விடுவதில்லை. ஜலத்தை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஒரு சின்னக் கோப்பை எஸ்பிரஸோவில் சுமார் 90 சதவீதம் ஜலம். மேனாட்டார் குடிக்கும் நீர்த்த கறுப்புக் காபியில் 98 சதவீதத்துக்கும் மேல். முக்கால் பங்குக்கு மேல் உள்ள சாட்சியை விட்டுவிட்டு வழக்கு நடத்தினால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

இந்த விஷயத்தை விளக்கக் கோலார் மாவட்டத்துப் பங்காருபேட்டையை எடுத்துக்கொள்கிறேன். காரணம், ஒரு எஸ்பிரஸோ யந்திரத்துக்கு வேண்டியவை மூன்று: மின்சாரம், பாய்லர், நல்ல ஜலம். இதில் முதலாவது இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றுக்கும் முன்பே அந்தப் பிராந்தியத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவதைப் பற்றி அந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. மூன்றாவதற்காக அது நூறு வருஷத்துக்கும் மேலாகத் தவித்துக்கொண்டிருக்கிறது.

1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்தவர் லூயின் பௌரிங். அவர் பெயரால் பௌரிங் பேட்டை என்று வழங்கிய ஊர்தான் பிற்பாடு பங்காருபேட்டை ஆயிற்று. பங்காரு என்றால் தங்கம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 1864-இல் ரயில் ஓடத் தொடங்கியது அந்த வழியாகத்தான். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் ஸன்ஸ் கம்பெனியார் கோலார் தங்கச் சுரங்கங்களை நிர்வகிக்க ஆரம்பித்தார்கள். 1894-இல் பௌரிங் பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குச் சுமார் 10 மைல் நீளத்தில் கிளைப் பாதை போடப்பட்டது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சுரங்க வேலைக்கு வந்தன. நம்மவர்களும் கணக்கு, பள்ளிக்கூடம், ரயில்வே, ஆஸ்பத்திரி என்று உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரிகாமும் ராபர்ட்ஸன்பேட்டையும் பேச்சில் இன்றைக்கும் பாதி தமிழ் ஊர்கள்தான்.

அப்போது சுரங்கங்களில் எல்லாமே நீராவி. ஆட்களை இறக்க நீராவி, தாதுவை ஏற்ற நீராவி, ஜலத்தை இறைக்க நீராவி. இதை மாற்றிய பெருமையில் பெரும்பங்கு நம்மவர் ஒருவருடையது. பாலக்காட்டுக்காரரான ஸர் கே. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தார். பெங்களூருக்கு ஹெஸரகட்டா ஏரியிலிருந்து 1890-களில் குழாய் ஜலம் கொண்டுவந்தவர் அவர். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு உயிர் கொடுத்தவரும் அவரே. 1902 ஜூன் 30 அன்று சுமார் 92 மைல் தூரம் கம்பி வழியாக அந்த மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகத்தில் இவ்வளவு தூரம் மின்சாரம் சென்ற இடங்கள் வெகு சில. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். ஆனால் ஐயர்வாள் 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். தங்கவயலில் விளக்கு எரிந்ததை அவர் பார்க்கவில்லை.

அதே 1901-இல்தான் இத்தாலியில் மிலான் நகரத்தைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா என்பவர் காபி யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்பே 1884-இல் டூரின் நகரத்து ஆஞ்ஜெலோ மொரியாண்டோ நீராவியால் காபி இறக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். பெஸ்ஸேராவின் உரிமையை பவோனி என்பவர் வாங்கி, 1905 முதல் யந்திரங்களைச் செய்து விற்றார். இவையெல்லாம் அடிப்படையில் ரயில் இஞ்சினின் தம்பிகள். உள்ளே ஒரு பாய்லர். அதில் சேர்ந்த நீராவியின் அழுத்தம் கொதிநீரைக் காபிப் பொடிக்குள் தள்ளும். அழுத்தம் ஒன்றரை மடங்கு வளிமண்டல அளவுதான், நம் குக்கரைவிடச் சற்றே அதிகம். சூடோ மிக அதிகம். அதனால் காபியில் கருகல் வாசனை அடித்தது. கஃபேக்களில் ஜனங்கள் வேகத்துக்காகக் குடித்தார்கள், ருசிக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

ருசி வந்தது ஆக்கில்லே காஜியாவால். 1938-இல் காப்புரிமை பெற்ற அவர், யுத்தம் முடிந்தபின் 1940-களின் கடைசியில் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி யந்திரத்தைக் கொண்டுவந்தார். நீராவியை நம்பாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள ஜலத்தை ஒன்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பொடிக்குள் செலுத்தினார். மேலே பொன்னிறத்தில் மெல்லிய நுரை படர்ந்தது அப்போதுதான். 1961-இல் ஃபயெமா கம்பெனியின் இ-61 யந்திரம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக மின்சார பம்ப் வைத்தது. இன்று நம் மேடையில் இருப்பது அதன் பேரன். ஒன்பது மடங்கு அழுத்தம் என்பது எவ்வளவு என்று கேட்டால், 300 அடி உயரத்துக்கு ஜலம் நின்றால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. கோலார் மாவட்டத்துக்காரர்களுக்கு 300 அடி போர்வெல் என்று சொன்னால் சட்டென்று புரியும். இப்போது 300 அடியில் அங்கே ஜலம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

(கல்யாணங்களில் புஸ்ஸென்று ஆவி விட்டுப் பாலைப் பொங்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுத்தார்களே, அதற்கும் எஸ்பிரஸோ என்றுதான் பெயர். அதில் யந்திரம் செய்தது பாலைச் சுட வைத்ததோடு சரி. காபி என்பது டப்பாவிலிருந்து ஸ்பூனால் போட்ட இன்ஸ்டண்ட் தூள். அதைக் குடித்துவிட்டு எஸ்பிரஸோ பிடிக்காது என்பவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.)

பாய்லர் என்று சொன்னேன். பங்காருபேட்டை ஜங்ஷனில் நீராவி இஞ்சின் காலத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் ஜலத்தின் யோக்கியதை பற்றி ஒரு உபந்நியாசமே செய்வார்கள். அகலப் பாதை இஞ்சின்களும் உண்டு, கோலார் பக்கம் போன இரண்டரை அடி அகலக் குட்டி ரயிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் பாய்லரில் ஊற்றும் ஜலத்தில் சுண்ணாம்பு இருந்தால் தலைவலி. காரணம் நாம் பள்ளியில் படித்ததுதான். மழை ஜலம் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறது. பாறையிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து வைத்துக்கொள்கிறது. சுட வைத்தால் வாயு வெளியேறிவிடும்; கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் தற்காலிகக் கடினத்தன்மை என்பது. பாய்லர் குழாயில் கல் படிந்தால் சூடு ஏறாது, கரி வீணாகும், நாளடைவில் குழாய் வெடிக்கவும் கூடும். ஆகவே குறித்த நாளுக்கு ஒருமுறை இஞ்சினை ஷெட்டில் நிறுத்தி, ஆறவிட்டு, பாய்லரைக் கழுவுவார்கள். வாஷ் அவுட் என்று பெயர். இது விதி, இஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று யாரும் விட்டுவிட முடியாது.

நம் மேடைமேல் உள்ள யந்திரத்துக்கும் இதே விதிதான். ஆனால் அதற்கு ஷெட் ஃபோர்மன் இல்லை.

என் ஒன்றுவிட்ட தமக்கையின் அகம் பங்காருபேட்டையில் இருக்கிறது. அத்திம்பேர் எண்பதைத் தாண்டியவர், காபி விஷயத்தில் சமரசம் செய்துகொள்ளாதவர். பேரன் கொண்டுவந்த யந்திரத்தில் முதல் மாதம் சுமாராக வந்த காபி, மூன்றாம் மாதம் சப்பென்று ஆகிவிட்டது. அடியில் கொஞ்சம் கசப்பு, மேலே ஒன்றுமில்லை. "பொடி சரியில்லைடா, வேற ஒண்ணுமில்லே" என்றார் அத்திம்பேர். நான் போனபோது இதை வரிசையாகப் பார்ப்பது என்று உட்கார்ந்தோம்.

பொடியில் குற்றம் இருந்தது உண்மை. கடையில் வாங்கிய பில்டர் காபிப் பொடியையே யந்திரத்தில் போட்டிருந்தார்கள். அதில் சிக்கரி கலந்திருந்தது. சிக்கரி என்பது காபியே அல்ல, வறுத்த வேர். நெப்போலியன் 1806-இல் இங்கிலாந்து வியாபாரத்தைத் தடுத்தபோது காபி கிடைக்காத ஐரோப்பாவில் பெரிதாகப் பரவியது. நமக்கு டிகாக்ஷனைக் கள்ளிச்சொட்டாக ஆக்கிக் கொடுப்பது அதுதான். நம் நாட்டுச் சட்டப்படி கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதாவது மீதி 49 வரை சிக்கரி இருந்தாலும் குற்றமில்லை. பித்தளை பில்டரில் ஜலம் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குவதால் சிக்கரியால் கெடுதல் இல்லை. ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அது ஊறிப் பசையாகிச் சல்லடையை அடைத்துவிடும். யந்திரத்துக்குச் சிக்கரி இல்லாத, வறுத்துச் சில வாரங்களுக்குள்ளான கொட்டையை, பில்டர் பொடியைவிட நைஸாக அரைத்துப் போட வேண்டும். 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பத்து வினாடியில் கொட்டிவிட்டால் புளிக்கும், பொடி பருமன். ஒரு நிமிஷம் இழுத்தால் கசக்கும், பொடி மிக நைஸ். பழைய எண்ணெய் வாசனை வந்தால் சல்லடையைத் தேய்த்துக் கழுவவில்லை என்று அர்த்தம்.

காபி போர்டு 1942-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் விளைச்சல் முழுவதையும் வாங்கி விற்ற காலத்தில் பீபரி, பிளாண்டேஷன் ஏ என்று நாம் கேட்டு வாங்கியதற்கு ஒரு நிச்சயம் இருந்தது. 1996-இல் அந்த முறை முழுவதும் எடுக்கப்பட்டபின் விவசாயிக்கு நன்மை. ஆனால் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று நாமே படித்துப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. நாட்டின் விளைச்சலில் இன்று பெரும்பகுதி ரோபஸ்டா. கெட்டியாக வரும், நுரை வரும், வாசனைக்கு அராபிகாவிடம்தான் போக வேண்டும்.

அத்திம்பேர் அகத்தில் பொடி மாறியது, நேரம் சரியாயிற்று, சல்லடை கழுவியாயிற்று. காபி சற்றுத் தேறியதே தவிர சப்பென்ற குணம் போகவில்லை. அப்போதுதான் ஜலத்தை விசாரித்தோம். அகத்துப் போர்வெல் ஜலம், சாதாரண வடிகட்டியில் ஊற்றி எடுத்தது.

காபியின் ருசியில் ஒரு பங்கு அதன் மெல்லிய புளிப்பு. ஜலத்தில் பைகார்பனேட் அதிகமானால் அந்தப் புளிப்பை அது தின்றுவிடும். ஜெலுஸில் மாத்திரை வயிற்றில் செய்வதை இது கோப்பையிலேயே செய்துவிடுகிறது. மிஞ்சுவது சப்பும் கசப்பும். இதே ஜலத்தில் பாட்டி போட்ட பில்டர் காபி மட்டும் எப்படி நன்றாக இருந்தது என்று தமக்கை கேட்டாள். நியாயமான கேள்வி. நம் காபி புளிப்பை நம்பி நிற்பதில்லை. நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டை, சிக்கரியின் கெட்டி, சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஜலத்தின் குறையை மூடிவிடும். சொல்லப்போனால் கடின ஜல ஊர்களுக்கு ஏற்ற காபி நம்முடையதுதான் என்பது என் எண்ணம். இன்னொன்றும் உண்டு. பங்காருபேட்டை கடல் மட்டத்துக்கு 2,700 அடிக்கு மேல் இருப்பதால் அங்கே ஜலம் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பொடியைக் கருக்குபவர்களுக்கு அங்கே அந்த அபாயம் குறைவு.

சரி, கேன் ஜலம் ஊற்றிப் பார்ப்போம் என்று ஊற்றினோம். ஊர் ஊருக்கு இருக்கும், காசு போட்டால் 20 லிட்டர் ஆர்.ஓ. ஜலம் தரும் நிலையத்திலிருந்து வந்தது. சப்பு போயிற்று, புளிப்பும் வெறுமையும் வந்தது. சுத்தமான ஜலத்தில் உப்புகள் அறவே இல்லாவிட்டாலும் காபி நன்றாக இறங்காது. கால்சியமும் மக்னீஷியமும் ஓரளவு இருந்தால்தான் கொட்டையின் சாரம் ருசியாக வரும். சில யந்திரங்களில் ஜல மட்டத்தை மின்கடத்தல் மூலம் அறியும் ஊசி இருக்கும். உப்பே இல்லாத ஜலத்தை அது ஜலம் என்றே ஒப்புக்கொள்ளாது.

காபி நிபுணர்கள் சொல்லும் அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் மொத்த உப்பு, அதில் கடினத்தன்மை 70-க்குச் சமீபம், காரத்தன்மை 40. நம் இந்தியத் தரக்கட்டளைப்படி குடிநீரில் கடினத்தன்மை 200 வரை உகந்தது. வேறு ஜலம் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. மொத்த உப்பு 500. வேறு வழியில்லாவிட்டால் 2,000. ஆகவே சட்டப்படி குடிக்கத் தகுந்த ஜலமே யந்திரத்தை ஆறு மாதத்தில் கல்லாக்கிவிட முடியும். யந்திரம் கெட்டதற்குக் கம்பெனியைத் திட்டுமுன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் அத்திம்பேர் சொன்னது முக்கியமானது. "அந்தக் காலத்திலே கிணத்து ஜலத்திலே பருப்பு வேகாது. இந்த போர் ஜலத்திலே பருப்பு வெண்ணெயா வேகறது. இது நல்ல ஜலம்தான்டா."

நம் முன்னோர்கள் ஒவ்வொரு ஊரிலும் நல்ல ஜலக் கிணறு, உப்பு ஜலக் கிணறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். பருப்பு குழைகிறதா, சோப்பு நுரைக்கிறதா, நாக்கில் கரிக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தார்கள். பருப்பும் சோப்பும் காட்டுவது கால்சியம், மக்னீஷியத்தின் அளவை. நாக்கு காட்டுவது உப்பை. இருபது முப்பது அடிக் கிணற்றுக்கு இவை போதுமான பரிசோதனைகள்தான்.

கோலார் மாவட்டம் வற்றாத நதி ஒன்றும் இல்லாத பூமி. கர்நாடகத்திலேயே ஏரிகள் மிகுந்த மாவட்டம் அது, காரணமும் அதுவே. நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகும் பாலாறு பேத்தமங்கலம் ஏரிக்கு வந்து, அப்புறம் ஆந்திரா வழியாக நம் வாணியம்பாடி, ஆம்பூருக்குப் போகிறது. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட நதிநீர் ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தங்கவயலுக்குக் குழாய் ஜலம் வந்தது பேத்தமங்கலத்திலிருந்துதான். ஏரி ஜலம் என்பது மழை ஜலம். பாறையோடு அதிக நாள் பழகாதது. தங்கவயல் அகங்களின் அந்தக் காலக் காபிக்குப் பாதிப் பெருமை அந்த ஏரிக்கு உண்டு என்றே சொல்வேன். பிறகு மழை பொய்த்தது, ஏரிகள் தூர்ந்தன, போர்வெல்கள் பெருகின. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஊருக்கு ஜல வசதி பார்த்த பெரிய எஜமானன் ஒருவனும் போனான். போர்வெல்கள் ஆயிரம் அடியைத் தாண்டின.

ஆயிரம் அடியில் உள்ள ஜலம் வேறு ஜாதி. தங்கம் இருந்த பாறைப் பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமே. சுற்றிலும் கிரானைட்டும் நைஸ் பாறையும். இந்தப் பாறைகளிலுள்ள சில தாதுக்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஜலத்தில் கால்சியம் நிறைய இருக்கும்வரை ஃப்ளோரைடு அதிகம் கரைய முடியாது. இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடக்கும் ஜலத்தில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து குறைகிறது, சோடியமும் பைகார்பனேட்டும் கூடுகின்றன. அதாவது அந்த ஜலம் கொஞ்சம் சமையல் சோடா கலந்த ஜலம்போல ஆகிறது. தடுப்பார் இல்லாததால் ஃப்ளோரைடு தாராளமாகக் கரைகிறது.

இப்போது அத்திம்பேர் சொன்னதைத் திரும்பிப் பாருங்கள். சோடா போட்டால் பருப்பு வெண்ணெயாக வேகும் என்பது நம் மாமிகளுக்குத் தெரியாததா? பருப்பு நன்றாக வேகும் அந்த ஜலத்தில்தான் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கும் சாத்தியம் கூடுதல். நாக்குக்கு அது தெரியாது; மணமில்லை, நிறமில்லை. கொதிக்க வைத்தால் போகாது, ஜலம் சுண்டுவதால் அளவு ஏறத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிகட்டியோ புற ஊதாக் கதிர் வடிகட்டியோ அதைத் தொடாது. பல் முளைக்கும் வயதுக் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடாகத் தெரியும். வருஷக்கணக்கில் அளவு மீறினால் எலும்பும் மூட்டும் இறுகும். நம் நாட்டில் இந்த நோயை முதலில் விவரித்தது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். உகந்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்ச அனுமதி 1.5. கோலார் மாவட்டம் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டங்களில் ஒன்றென்று பல காலமாகவே தெரியும்.

அந்த அகத்தின் பின்கட்டில் ஒரு குடித்தனம். புருஷன் தச்சு வேலை, ஒரே பையன், ஏழு வயது. அத்திம்பேர் அகத்தில் குடிக்கக் கேன் ஜலம், காபிக்கும் சமையலுக்கும் போர் ஜலம். பின்கட்டில் எல்லாவற்றுக்கும் போர் ஜலமே. பையன் சிரித்தபோது முன்பற்களைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே ஜலத்தை எடுத்து மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். முடிவு வந்தது, ஃப்ளோரைடு அனுமதி வரம்பைத் தாண்டியிருந்தது. அத்திம்பேர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது பின்கட்டுக்கும் சேர்த்துக் கேன் வருகிறது, பணம் அவர் கொடுக்கிறார்.

யந்திரத்தின் கதையை முடித்துவிடுகிறேன். ஆர்.ஓ. ஜலம் வெறுமையாக இருக்கிறதென்று வீட்டு ஆர்.ஓ. கருவியிலுள்ள டி.டி.எஸ். திருகைத் திறப்பவர்கள் உண்டு. அந்தத் திருகு செய்வது சுத்திகரிக்காத ஜலத்தைக் கொஞ்சம் திருப்பிக் கலப்பதுதான். மூல ஜலத்தில் ஃப்ளோரைடு இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைச் சொல்லுமே ஒழிய எந்த உப்பு என்று சொல்லாது. அதற்குப் பதிலாக 20 லிட்டர் ஆர்.ஓ. ஜலத்தில் மருந்துத் தரமான எப்ஸம் உப்பு மூன்றரை கிராமும் சமையல் சோடா ஒன்றேகால் கிராமும் கரைத்து, யந்திரத்துக்கென்று தனியாக வைத்துக்கொண்டால் மேலே சொன்ன அளவுகள் ஏறக்குறைய வந்துவிடும். இதில் கால்சியம் இல்லாததால் கல்லும் அநேகமாகப் படியாது. ஏற்கெனவே படிந்த கல்லுக்கு ஒரு லிட்டர் ஜலத்தில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம். பாதியை யந்திரத்தில் ஓட்டி, கால் மணி நேரம் நிறுத்தி, மீதியையும் ஓட்டி, பின் இரண்டு தொட்டி சுத்த ஜலம் விட்டுக் கழுவ வேண்டும். உள் பாய்லர் அலுமினியமானால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அத்திம்பேர் அகத்தில் வெளியே வந்த வெள்ளைத் தூளைப் பார்த்து, பழைய ரயில்வேக்காரரான அவர், "வாஷ் அவுட்" என்றார். காபி நன்றாகவே வந்தது. இருந்தாலும் காலை முதல் காபி அவருக்குப் பித்தளை பில்டரில்தான். மத்தியானம் மூன்று மணிக்கு யந்திரம்.

பங்காருபேட்டை என்றால் பெங்களூர் இளைஞர்களுக்குப் பானிபூரிதான் ஞாபகம் வருமாம். அந்த ஊர்ப் பானிபூரியின் பானி பச்சையாக இல்லாமல் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது விசேஷம். தெளிவான ஜலத்துக்கு அந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் விடுகிறார்கள். நிலத்தடி மட்டம் உயர்ந்திருக்கிறது, ஆனால் அது குடிப்பதற்கான ஜலம் அல்ல. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யரகோலில் கட்டிய அணை 2023-இல் திறக்கப்பட்டது. பங்காருபேட்டை, கோலார், மாலூருக்கு மழை ஜலத்தைக் குழாயில் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

கோலார் மட்டுமல்ல, தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து அங்கத்தினர்களும், பெங்களூர், ஹைதராபாத் புறநகர்களில் ஆழ்குழாய் ஜலத்தை நம்பியிருப்பவர்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடு பரிசோதனைக்கு ஜலத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துப் போகாதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே ஜலத்தால் மூன்று முறை அலம்பி, பம்பைச் சில நிமிஷம் ஓடவிட்டபின் ஒரு லிட்டர் பிடித்து, தேதியும் போர்வெல்லின் ஆழமும் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.